முத்தாரம்மாளின் பிரஷருக்கு நான் சொன்ன காரணம்

1

மக்களே, இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சொன்னது வெறும் கற்பனை. கதை என்றால் கற்பனைதானே, அதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். நானும் இன்று காலை வரை அப்படித்தான் இருந்தேன். ஆனால் நான் விளையாட்டாகச் சொன்னது ஒரு மருந்துச் சீட்டில் ஏறி, மாத்திரையாகி, ஒருத்தியின் வயிற்றுக்குள் போய், இன்று காலை ஒன்பதரை மணிக்கு அவளை இந்த மலையாளத்து ஊரின் ஆரியசாலைத் தெருவில், ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், முகம் குப்புறத் தள்ளிவிட்டது.

அதனால்தான் திரும்ப எழுத உட்கார்ந்தேன். இன்று புதன். நாளை, மாதத்தின் இரண்டாவது வியாழன், எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பிரஷர்க்காரர்களும் சுகர்க்காரர்களும் கூடும் நாள். அதற்குள் இது சரியாக வந்தாக வேண்டும்.

விழுந்தவள் என் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள். நெற்றியில் பிளாஸ்திரி. பேரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே இப்போதைக்கு அவள் 'விழுந்தவள்'. எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்கிறாள். பிடிக்காத இடம் வந்தால் "ம்க்கும்" என்கிறாள். என் கதையை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

முதலாவது: 'சாலைக் கம்போளத்துக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே, விதியின் கரங்களில் சிக்கிய ஓர் ஏழைப் பெண் தன் சோகத்தை யாரிடமும்…'

"ம்க்கும்."

விதி யாரையும் பிடிக்கவில்லையாம், மாத்திரைதான் தள்ளியதாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'மருந்து மனிதனுக்குக் கிடைத்த பெரும் வரம். ஆனால் அந்த வரத்தைப் பெற நாம் கொண்டுபோக வேண்டிய தாள்களை எண்ணிப் பார்த்தால்…' இது ஆபீஸில் இருப்பவர்களைத் திட்டுவதற்கு எழுதியது. இன்றைக்குத் திட்ட வேண்டிய ஆள் நான்தான். அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவதை வரிசையில் தொடங்குகிறேன். கதை அங்கேதான் தொடங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரை ஒரு தடவை வாங்கினால் தீர்கிற காரியம் இல்லை. மாதாமாதம் அதே மாத்திரை. அதற்குப் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் தருவார்கள். நம் முறை வந்ததும் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, வந்த எண்ணை அதில் எழுதுவார். டாக்டர் அதைப் பார்த்து, அதே மருந்து போதும் என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் அடுத்த மாத மாத்திரை கிடைக்காது. அங்கே இல்லாத மாத்திரை என்றால், இல்லாதப்பட்டவர்களுக்கு ஒரு தர்ம சங்கம் டோக்கன் தருகிறது. டோக்கனை நீட்டினால் வெளிக்கடையில் காசு கேட்கமாட்டார்கள். டோக்கனுக்கு இந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும்.

[சங்கத்தின் பேரைக் கேட்காதீர்கள். எந்தச் சுகாதார நிலையம் என்றும் கேட்காதீர்கள். வாசலில் நின்ற மரத்தைக்கூட நான் இதில் எழுதவில்லை, நீங்கள் தேடிப் போய்விடுவீர்கள் என்று.]

எனக்கும் அங்கே ஒரு புத்தகம் உண்டு. எனக்கு இரண்டு மாத மாத்திரையை ஒன்றாகத் தந்துவிடுவார்கள். ஆகவே நான் ஒன்றுவிட்ட மாதம்தான் போவேன். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்காமல் போனதுதான் இத்தனைக்கும் காரணம்.

3

வரிசையில் பெஞ்சு உண்டு, மின்விசிறி உண்டு, பொறுமைதான் கிடையாது. அதனால் நான் கதை சொல்வேன். முறை வந்தவர்கள்கூட, "முடிச்சிட்டுப் போறேன் அக்கா" என்று பின்னால் இருப்பவரை முன்னே விட்டதுண்டு.

அங்கேதான் முத்தாரம்மாளைத் தெரியும். ஐம்பது தாண்டியவள். வத்தல் மிளகாயில் காம்பு கிள்ளுகிற வேலை. கிட்டங்கியிலிருந்து நேரே வருவாள். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய துணியை அவிழ்க்கமாட்டாள். அவிழ்த்து உதறினால் பெஞ்சு முழுக்கத் தும்மும். நல்ல சிரிப்புக்காரி. அந்தச் சிரிப்பையும் கண்ணில்தான் பார்க்க வேண்டும்.

போன ஆனி மாதம் என்று நினைக்கிறேன், அவள் புத்தகத்தை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எண்களைப் படித்தேன். நூற்றெண்பது. அடுத்த மாதம் நூற்றிருபது. பிறகு நூற்றெழுபத்தாறு. பிறகு நூற்றிருபத்திரண்டு. பின்பக்கம் திருப்பினால் அங்கேயும் இப்படித்தான்.

"இது என்ன முத்தாரம்மா, ஒரு மாசம் பேயாட்டம், ஒரு மாசம் சாமியாராக்கும்?" என்றேன்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் கதை சொல்கிறவளுக்கு ஒரு நோய் உண்டு மக்களே. விசித்திரமாக ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு காரணம் வைத்தே தீருவாள். நான் வைத்தேன்.

அவளுக்கு லிங்கம் என்று ஒரு மகன், கொல்லத்தில் ஹோட்டலில் பரோட்டா போடுகிறான். அவனைப் பிடித்தேன். ஒன்றுவிட்ட மாதம் வந்து அம்மாவின் கம்மலைக் கேட்டுச் சண்டை போடுகிறான் என்றேன். அவனுக்கு ஒரு பைக் வாங்கிக் கொடுத்தேன். பைக் போதவில்லை என்று கலைச்செல்வி என்று ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்தேன். அவன் வந்துபோன மாதம் நூற்றெண்பது, வராத மாதம் நூற்றிருபது. எண்ணுக்கும் கதைக்கும் அப்படி ஒரு பொருத்தம். வரிசை முழுக்க 'உச்' கொட்டியது. முத்தாரம்மாளும் துணிக்குள் சிரித்தாள்.

கதவருகே நின்று நர்ஸ் ஷாலுவும் கேட்டாள். மலையாளப் பெண், ஆனால் என் தமிழ் அவளுக்கு நன்றாகப் பிடிபடும். நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் "பின்னே?" என்பாள்.

4

ஓணத்துக்கு லிங்கம் ஊருக்கு வந்தான். அந்த மழையில் அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வரிசைக்கும் வந்தான். மூன்று பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எடே, ஒன்னப் பெத்த தள்ளைக்கி பிரஷரு நூத்தெண்பது. நீயெல்லாம் மனுசனா? அந்தக் கலைச்செல்விய விட்டுரு, கேட்டியா?"

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். கலைச்செல்வி யாரு அம்மா என்று கேட்டான். அவனுக்கு சைக்கிளே சரியாக ஓட்ட வராது. முத்தாரம்மாள் ஒரு வார்த்தை சொல்லி அவனைக் காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றவில்லை. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெற்ற தாய் மகனை ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

[இந்த லிங்கம் பகுதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதை இறுக்கமாகும். ஆனால் முத்தாரம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "எம் மவன் பேர நீங்கதான கெடுத்தீங்க, நீங்களே நேராக்குங்க." ஆகவே இருக்கட்டும். லிங்கம் நல்லவன். இதை நாளை வரிசையிலும் சத்தமாகச் சொல்லப்போகிறேன்.]

பிறகு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழன். உள்ளே நடந்ததை முத்தாரம்மாள் இன்றுதான் சொன்னாள். டாக்டர் அவள் புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் வரை புரட்டினாராம். பட்டையை மறுபடி சுற்றச் சொன்னாராம். ஒரே ஆளுக்கு இப்படி வர வழியில்லையே, மருந்தைத் தொடுவதற்கு முன்னால் இதைத் தீர விசாரிக்க வேண்டும் என்றாராம். முத்தாரம்மாள் முகத்துத் துணியை இன்னும் இழுத்துக் கட்டினாள்.

அப்போது ஷாலு குனிந்து, பாவப்பட்டுச் சொன்னாள்: மகன் தொல்லை, சார். ஒன்றுவிட்ட மாதம் வருவான்.

டாக்டர் ஒரு நிமிஷம் முத்தாரம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். டாக்டர் பேனாவை எடுத்து, இன்னும் வலுவான மாத்திரை எழுதினார்.

டாக்டரிடம் சரியான சந்தேகம் இருந்தது மக்களே. அதை லிங்கம்தான் அழித்தான். முத்தாரம்மாள் பெற்ற லிங்கம் இல்லை. நான் பெற்றவன்.

5

இன்று காலை முத்தாரம்மாள் மூச்சு வாங்க என் வாசலில் வந்து நின்றாள். கிட்டங்கிக்கு எதிர்ச் சந்தில்தான் என் அறை. தன்னோடு வேலை செய்பவள் ஒருத்தி எழுந்து நின்றவுடன் கண் இருட்டி விழுந்துவிட்டாள் என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடி என்றேன்.

"என்ன பேரு சொல்லிக் கொண்டுபோவ, அக்கா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விழுந்தவளை இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் கட்டிலில் கிடத்தி, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்த பிறகுதான் முழுசும் வெளியே வந்தது.

கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. வத்தல் சாக்கு யார் பேரில் இறக்கப்படுகிறதோ அவள் பேரில்தான் சாயங்காலம் கணக்கு. ஆனால் ஒரு சாக்குக்கு இரண்டு பேர் உட்காரலாம். ஒருத்திக்குக் காரம் ஏறிக் கைக்காந்தல் எடுத்தால் மற்றவள் கிள்ளுவாள். ஒருத்தி அரைநாள் வராவிட்டால் மற்றவள் தீர்ப்பாள். பேர் ஒன்று, கை நான்கு. யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. முதலாளிக்கு வேண்டியது காம்பில்லாத வத்தல். முத்தாரம்மாளும் விழுந்தவளும் ஒன்பது வருஷமாக ஒரே சாக்கின் இரண்டு பக்கம்.

விழுந்தவளுக்குச் சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். ரேஷன் கார்டில் அவள் பேர் அங்கே அண்ணன் வீட்டோடு இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவ முகாமில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, உனக்கும் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கடையில் வாங்கினாள். மூன்றாவது மாதம் முடியவில்லை. அப்போது முத்தாரம்மாள் சாக்குக்குச் சொல்வது போலவே சொல்லியிருக்கிறாள்: எம் பேர்ல எடுப்போம், ரெண்டு பேரும் இருப்போம்.

புத்தகத்தில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. காலை மாத்திரை முத்தாரம்மாளுக்கு. இரவு மாத்திரை விழுந்தவளுக்கு. வியாழக்கிழமை அலைச்சலையும் பங்கிட்டார்கள்: ஒரு மாதம் இவள், மறு மாதம் அவள். யார் போனாலும் முகத்தில் துணி. யார் போனாலும் 'முத்தாரம்மாள்' என்று கூப்பிட்டால் எழுந்திருப்பாள், கையை நீட்டுவாள். நூறு பேரைப் பார்க்கிற இடத்தில் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். முகத்தை எங்கே பார்க்க?

கிட்டங்கியில் அந்த ஏற்பாடு ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனால் சாக்குக்குள் ரத்தம் ஓடுவதில்லை.

முத்தாரம்மாளின் பிரஷர் இறங்கவே இல்லை, ஏனென்றால் அவளுக்கு எழுதியதில் பாதிதான் அவளுக்குப் போயிற்று. விழுந்தவளுக்குப் பாதியே போதுமாக இருந்தது. வலுவான மாத்திரை வந்ததிலிருந்து எழுந்தால் கிறுகிறுப்பு. வெயில் என்று நினைத்தாள். வத்தல் காரம் என்று நினைத்தாள். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, இலவசமாகக் கிடைப்பதை வீணாக்கக் கூடாது என்று.

ஒரு மாதம் பேய், ஒரு மாதம் சாமியார் என்று நான் சிரித்தேனே, அது ஒரே பாத்திரம் இல்லை. நான் போகாத மாதங்களில் ஒருத்தி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்க்காததால் அவள் என் கதையில் இல்லை.

6

மாலை நான்கு மணி. முத்தாரம்மாள் இரண்டு பேருக்குமாகச் சாக்கை முடிக்கக் கிட்டங்கிக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஷாலுவின் நம்பர் என் புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கிறது, அவளே எழுதித் தந்தது. போன் போட்டேன். ஒருத்தி விழுந்துவிட்டாள், இன்ன மாத்திரை, மூன்று மாதமாகச் சாப்பிடுகிறாள் என்றேன்.

வாந்தி உண்டா, பேச்சு குழறுகிறதா, தலையில் பலமாக அடியா என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். தனியாக விடக்கூடாது, இவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். டாக்டர் பக்கத்தில்தான் இருந்தார் போல; அவரிடம் கேட்டுவிட்டு, இன்று இரவு அந்த மாத்திரை வேண்டாம், காலையில் முதல் ஆளாகக் கூட்டி வாருங்கள் என்றாள். பிறகு,

"ஆருக்கா அம்மே?" என்றாள்.

என்னைப் பற்றி ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நொடியில் எனக்கு மூன்று கதை வந்தது. என் தங்கச்சி மகள், நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிறாள், வந்த இடத்தில்… வாயையும் திறந்துவிட்டேன். "என் தங்கச்சி மவ…"

"ம்க்கும்."

கட்டிலில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள்.

"மாடம்மாள்னு சொல்லுங்க அக்கா."

"மாடம்மாள்," என்றேன் போனில்.

"மாடம்மாளோ? அது ஆரு?"

சொன்னேன். சாக்கு, புத்தகம், காலை, இரவு, எல்லாம். கலைச்செல்வி இல்லை என்பதையும் சொன்னேன். ஷாலு "பின்னே?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் முடித்த பிறகு, மகன் கதையை டாக்டரிடம் சொன்னது தான்தானே என்று மெதுவாகச் சொன்னாள். இல்லை மோளே, உண்டாக்கினது நான் என்றேன்.

கார்டு இங்கே இல்லாததால்தான் அவள் தன் பேரில் வரவில்லை என்று நான் சொன்னபோது மட்டும் ஷாலுவின் குரல் உயர்ந்தது.

"டோக்கனுக்கல்லே கார்டு வேணும்? டாக்டரெ காணான் பேரு மதி, அம்மே. பேரு மதி."

டோக்கனுக்குத்தான் கார்டாம், டாக்டரைப் பார்க்கப் பேர் மட்டும் போதுமாம். மாடம்மாளிடம் சொன்னேன். அவள் பிளாஸ்திரியைத் தடவினாள்.

"நாலு வருசம்," என்றாள்.

7

இனி முடிவு. எழுதிப் பார்த்தவற்றை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முடிவு அ: டாக்டர் சிரித்துவிட்டு இருவர் தோளிலும் தட்டி… இல்லை. எந்த டாக்டர் சிரிப்பார்? பொய்க் கதையை நம்பி மருந்து எழுதியவர் அவர். அவருக்கும் இன்று இரவு தூக்கம் வராது.

முடிவு ஆ: சங்கத்துக்காரர்கள் முத்தாரம்மாளின் டோக்கனை நிறுத்திவிடுகிறார்கள். அவள் கடை வாசலில் சீட்டோடு நின்று… இதற்கு மேல் கை ஓடவில்லை. ஆனால் இது நடக்கக்கூடியது. டோக்கன் ஒருவருக்குத்தான் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதனால் வேலை முடிந்து வந்த முத்தாரம்மாளிடமே வாசித்துக் காட்டினேன். துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"போனா போட்டும் அக்கா. எனக்குள்ளது பாதி, அவளுக்குள்ளது ரெட்டிப்பு. இப்பிடி பங்கு வச்சா ரெண்டு பேரும்லா சாவோம்."

"மைனி, நீங்க ஒரு வார்த்த சொல்லாண்டாம். நாங்கேட்டுத்தான தந்திய. நாந்தான் சொல்லுவேன்," என்றாள் மாடம்மாள்.

"நீ நேரா நில்லுட்டீ மொதல்ல. பொறவு சொல்லலாம்."

இருவரும் அதற்காகச் சண்டை போட்டார்கள், யார் முதலில் பேசுவது என்று. நான் நடுவில் புகவில்லை.

அதற்குப் பதில் ஒரு விண்ணப்பம் எழுதினேன், மாடம்மாளுக்கு டோக்கன் கேட்டு. முதல் வரைவில், 'கண்ணீர் மல்கக் கரம் கூப்பி' என்று வந்தது. மாடம்மாள் கண்ணீரை எடுக்கச் சொன்னாள். கரத்தையும் எடுக்கச் சொன்னாள். மிஞ்சியது இதுதான்:

'என் பேர் மாடம்மாள். பத்து வருஷமாக ஆரியசாலையில் வத்தல் கிட்டங்கியில் வேலை செய்கிறேன். எனக்கு பிரஷர் உண்டு. என் ரேஷன் கார்டு வேறு ஊரில் இருக்கிறது. இவ்வளவு நாள் முத்தாரம்மாளின் மருந்தைச் சாப்பிட்டேன், அது தப்பு. இனி என் மருந்தைச் சாப்பிட வேண்டும். மாத்திரைக்கு உதவி வேண்டும்.'

நான் எழுதியவற்றிலேயே சின்னது இது. ஒரு வார்த்தையும் நான் உண்டாக்கவில்லை. காலையில் ஷாலு இதை மலையாளத்தில் எழுதித் தருவாள். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மாடம்மாள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் பேரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் காட்டமாட்டேன் என்கிறாள்.

இரவு மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் இன்று இங்கேதான் படுக்கிறார்கள். முத்தாரம்மாள் தரையில், மாடம்மாள் படுத்த கட்டிலை ஒட்டி. எழுந்தால் தெரியும்படி அவள் முந்தானையைத் தன் முந்தானையோடு முடிந்துவைத்திருக்கிறாள்.

8

முடிவு இ என்னிடம் இல்லை. போன தடவை நானே ஒரு காரணம் சொல்லி, அது என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டீர்கள். டாக்டர் என்ன சொல்வார், சங்கம் டோக்கனை வைக்குமா எடுக்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுத மாட்டேன்.

இதுவரைக்கும் மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெஞ்சில் இருப்போம். முகத்தில் துணி இருக்காது. ஷாலு வாசலில் நின்று 'முத்தாரம்மாள்' என்று கூப்பிடுவாள். அந்தப் பேரில்தான் புத்தகம் இருக்கிறது. இரண்டு பேர் எழுந்திருப்பார்கள்.

வரிசை திரும்பிப் பார்க்கும். ஏன் ரெண்டு பேர் என்று யாராவது என்னைக் கேட்பார்கள், நான் சொல்லமாட்டேன். பிறகு உங்களைக் கேட்பார்கள், ஏனென்றால் இதைப் படித்த நீங்களும் அப்போது அந்தப் பெஞ்சில்தான் இருப்பீர்கள். நீங்களும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் மக்களே. உள்ளே போய்ச் சொல்லத்தான் அவர்கள் எழுந்திருக்கிறார்கள்.

கால்களை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் போக வேண்டும்.